நம் ஊர் எப்படி ஊரானது: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர்ப் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு

ஊர் வரலாறு எழுதப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதியமானில் ஆரம்பிப்பார்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை ஒரு பாரா எழுதுவார்கள், அடுத்த பாராவில் ஆயிரத்தைந்நூறு வருடத்தைத் தாண்டிக் குதித்துத் திப்பு சுல்தானுக்கு வருவார்கள், அப்புறம் நேராக ஊர் மாரியம்மன் திருவிழா, முடிந்தது. இதில் ஊர் எங்கே? அதியமான் ஆண்ட தகடூர், அதாவது பழைய தர்மபுரி, மாவட்டத்துக்கே பொதுவான கதை. உங்கள் ஊரில் முதல் அடுப்பு எந்த இடத்தில் எரிந்தது, ஏன் அந்த இடத்தில், அங்கிருந்தவர்கள் ஏன் இப்போதைய தெருவுக்கு நகர்ந்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அதைத் தேடும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு எச்சரிக்கை. "இந்த ஊருக்கு முதல்ல வந்தது யாரு?" என்ற கேள்வியைத் தயவுசெய்து வாயைத் திறந்து கேட்காதீர்கள். நம் பக்கம் அது வரலாற்றுக் கேள்வி இல்லை. திருவிழாவில் யாருக்குப் பரிவட்டம், யார் வீட்டுத் தேங்காய் முதலில் உடைய வேண்டும், யார் தெரு வழியாக சாமி முதலில் போக வேண்டும் என்கிற கேள்வி அது. கேட்ட அடுத்த நிமிடமே ஆளுக்கொரு பதில் வரும், எல்லாம் அவரவர் வகையறாவுக்குச் சாதகமான பதில். அதற்குப் பதிலாக "அப்பல்லாம் தண்ணி எங்க எடுத்தீங்க?" என்று கேளுங்கள். தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்ல யாருக்கும் அவசியமில்லை, ஊர் உருவான கதையில் பாதி அதிலேயே வந்துவிடும்.

பிலிப்பைன்ஸ் மாதிரி நாடுகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே குக்கிராமம் மாதிரி இருக்கிற நகராட்சிக்குக்கூட ஸ்தாபன நாள் என்று ஒன்று உண்டு, வருடாவருடம் ஊர்வலம் விட்டுக் கொண்டாடுகிறார்கள். 1565-க்குப் பிறகு அங்கே வேரூன்றிய ஸ்பானியர்கள், ஆற்றோரமும் மலையோரமும் சிதறிக் கிடந்த குடும்பங்களைக் கோயில் மணியோசை கேட்கிற தூரத்துக்குள் கூட்டி வந்து குடிவைத்தார்கள். நடுவில் சதுக்கம், ஒரு பக்கம் தேவாலயம், இன்னொரு பக்கம் ஊர் அலுவலகம். சுற்றியிருந்த சின்னக் குடியிருப்பு வளர்ந்து தனி ஊராகப் பிரியும்போது அதற்கும் ஓர் ஆணை, ஒரு தேதி. அதற்கு மேல் 1849-ல் கவர்னர் கிளாவேரியா குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஊர் ஊராக அனுப்பி எல்லோருக்கும் பெயர் சூட்டச் சொன்னதில், சில ஊர்களில் பெரும்பாலான குடும்பப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன என்கிறார்கள். ஆணையும் பங்குக் கோயில் பதிவேடும் இருந்தால் அங்கே ஊர் வரலாற்றின் எலும்புக்கூடு தயார். நமக்கு அப்படி யாரும் ஒரு நாள் பார்த்து ஊரை ஆரம்பித்து வைக்கவில்லை, ஆகவே நாம் ஏரி, கல், கிழவி, கர்ணம் (பழைய கிராமக் கணக்குப்பிள்ளை) எழுதிய கணக்கு என்று நாலா பக்கமும் அலைய வேண்டியிருக்கிறது.

எந்த ஊர்?

இது அசட்டுக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் உங்கள் வாயில் இருக்கும் ஊர்ப் பெயர் ஒன்று, பஞ்சாயத்துப் பெயர் வேறு, பத்திரத்தில் இருக்கும் வருவாய் கிராமத்தின் பெயர் மூன்றாவதாக ஒன்று. ஒரு வருவாய் கிராமத்துக்குள் பத்துக் குக்கிராமம் இருக்கும். பழைய கணக்கில் எல்லாம் அந்தத் தாய் கிராமத்தின் பெயரில்தான் கிடக்கும், உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சிட்டாவை எடுத்துப் பார்த்தால் வருவாய் கிராமம், வட்டம் எல்லாம் தெரிந்துவிடும். அதை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே மாவட்டம் மாறிய கதையும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பான ஆபீசில் போய் நிற்பீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் தர்மபுரி மாவட்டம். தர்மபுரியே 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே 1965-க்கு முந்தைய எந்தக் காகிதத்தையும் சேலம் மாவட்டம் என்ற பெயரில்தான் தேட வேண்டும். இன்னும் பின்னால் போனால், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாரமகாலைக் கும்பினியிடம், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், விட்டுக்கொடுத்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது கை மாறியவை. ஓசூர்ப் பக்கம் மட்டும் இன்னும் ஏழு வருடம் மைசூரோடு இருந்து, திப்பு இறந்த 1799-க்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களின் வீட்டுப் பழைய பத்திரங்கள் கன்னடத்திலோ தெலுங்கிலோ இருந்தால் தமிழ் இல்லையே என்று பரணில் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் அதே ஊரில் இருப்பார்.

ஏரி, கிணறு, நத்தமேடு

இனி நடை. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் தேட வேண்டியது நத்தம். நத்தம் என்றால் குடியிருக்க ஒதுக்கிய இடம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வரைபடத்தில் நத்தம் இரண்டு இடத்தில் இருந்து, அதில் ஒன்றில் இப்போது வீடே இல்லை, முள்ளும் பனையும்தான் இருக்கிறது என்றால் அங்கேதான் உங்கள் பழைய ஊர் இருந்திருக்கும். ஊர்க்காரர்கள் அந்த இடத்தை நத்தமேடு, ஊர்மேடு, சாம்பல்மேடு என்று ஏதாவது ஒரு பெயரில் சொல்வார்கள். உழுத நிலமாக இருந்தால் மழைக்கு மறுநாள் போங்கள், பானை ஓடுகள் கழுவி வைத்ததுபோல் மேலே கிடக்கும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக மெல்லிய ஓடு கிடைத்தால் அது மிகப் பழையது. பார்த்து, படமெடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பழைய ஓடு கிடைத்துவிட்டதே, நம் ஊருக்கு மூவாயிரம் வருட வரலாறு என்று துள்ள வேண்டாம். பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். உண்மைதான், பெருமைதான். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவர்களும் இன்றைக்கு அங்கே ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களும் ஒரே தொடர்ச்சி என்று சொல்ல அந்த இரும்பு போதாது. நம் மாவட்டங்களில் ஊர் என்பது நிரம்பும், காலியாகும், மறுபடி வேறு ஆட்களால் நிரம்பும். மழை அப்படி.

ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில் நிற்கும் கல்தூணையும் கோடிக்கரைப் பாறையையும் நன்றாகப் பாருங்கள். ஏரி வெட்டியவர், தூம்பு வைத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் இருந்தது, துணி துவைக்கிற கல்லாக அது இப்போது கவிழ்ந்து கிடந்தாலும் ஆச்சரியமில்லை. ஏரிக்கும் பழைய நத்தத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், ஊர்க்கிணறு எந்தப் பக்கம், மந்தைவெளி எங்கே, சுடுகாடு எந்தத் திசை என்று ஒரு பக்கத்தில் கையால் வரைந்துவிடுங்கள். பழைய ஊரும் புது ஊரும் வேறு வேறு என்றால் சுடுகாடு பொருந்தாத திசையில் இருக்கும். யாரும் வீட்டுக்கு எதிரிலேயே சுடுகாடு வைத்துக்கொள்ள மாட்டார்களே.

எல்லா ஊருக்கும் நத்தமேடு இருக்காது. நம் பக்கத்தில் ஏராளமான குடியிருப்புகள் கொட்டாய் என்று முடிகின்றன, முன்னால் ஒரு கவுண்டர் பெயரோ பட்டப்பெயரோ இருக்கும். இவற்றின் பிறப்பு ரொம்ப எளிமையானது. தாய் ஊரிலிருந்து நிலம் தூரமாக இருக்கிறது, கிணறு வெட்டியாயிற்று, ராத்திரி தண்ணீர் பாய்ச்சவும் மாடு காக்கவும் ஆள் வேண்டும், சரி என்று ஒரு குடும்பம் கிணற்று மேட்டில் கொட்டாய் போட்டுத் தங்குகிறது. மகன்கள் பிரியும்போது பக்கத்திலேயே இன்னும் மூன்று கூரை. பேரன் காலத்தில் ஒரு முனியப்பன் கோயில், ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம், அப்புறம் பஸ் நிற்கிறது, நடத்துநர் கூப்பிடுவதற்கு ஒரு பெயர் வேண்டும், பாட்டன் பெயர் நிலைத்துவிடுகிறது. உங்கள் ஊர் இந்த வகை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஸ்தாபகர் பெயர் ஊர்ப்பலகையிலேயே இருக்கிறது. அந்த முதல் கிணறு யார் பட்டாவில், எந்தக் காலத்தில் வெட்டியது என்று பிடித்தால் போதும், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்து உட்காரும்.

கோட்டையை ஒட்டி வளர்ந்தவை வேறு மாதிரி. கிருஷ்ணகிரி மலையடியில் பழையபேட்டை, அதற்கப்புறம் புதுப்பேட்டை என்று இருப்பதைப் பாருங்கள், கோட்டையில் சிப்பாய் இருந்தால் கீழே கடை வேண்டும், கடை வந்தால் தெரு வேண்டும். போச்சம்பள்ளி மாதிரி சந்தையால் பெருத்த ஊர்களும் உண்டு. ரயிலும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய அகல ரயில் பாதை போட்டார்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிவிட்டார்கள். அந்த வழித்தடத்தில் உங்கள் ஊர் இருந்தால் ரயில்மேடு என்று ஒரு கரை இன்றும் இருக்கிறதா பாருங்கள்.

வேடியப்பன் என்றால் நடுகல்லா என்று பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நடுகல் மண். பிற மாவட்டத்துக்காரர்கள் ஒரு நடுகல்லைப் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டும், நமக்கு மாந்தோப்பு வரப்பிலேயே நிற்கும். ஊரில் வேடியப்பன் கோயில் இருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். பல இடங்களில் மூலவரே நடுகல்தான், கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், காலடியில் மாடு, சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். மேலே எழுத்து இருந்தால் அது வட்டெழுத்தாக இருக்கலாம், இன்னார் அரசாண்ட இத்தனையாவது ஆண்டில், தொறு மீட்டுப் பட்டான் இன்னாரின் கல் என்கிற பாணியில் போகும். தொறு என்றால் மாட்டு மந்தை. மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரார் வைத்த கல். பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று பல வம்சத்து அரசர் பெயர்களும் இப்படிக் கற்களில் வருகின்றன.

இதில் உங்களுக்குப் பயன்படுவது அரசன் பெயரைவிட ஊர்ப் பெயர். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர், எந்த நாட்டுப் பிரிவில் இருந்தது என்பது கல்லில் இருந்தால், இத்தனை நூற்றாண்டுக்கு முன் இங்கே காப்பதற்கு மாடும் காப்பதற்கு ஆளும் இருந்தார்கள் என்று உறுதியாக எழுதலாம்.

கல்லை எப்படிக் கையாளுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்வக்கோளாறில் கெடுப்பவர்கள்தான் அதிகம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், எழுத்து தெரியவில்லை என்று ஆணியால் கீறிப் பார்க்காதீர்கள். தண்ணீரும் தென்னை நார்த் துடைப்பமும் போதும். பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எண்ணெய்க் காப்புக்கு முன் போவது நல்லது. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. காலை ஏழு மணிக்குள், அல்லது சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். அதைவிட நல்லது இருட்டிய பிறகு போய், ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் நேராக நின்று படமெடுப்பது. பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த பரப்பில் வரி வரியாக எழுத்து எழுந்து நிற்கும், ஒளியை இடப்பக்கம் வலப்பக்கம் மேல்பக்கம் என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஒன்றில் விட்டது இன்னொன்றில் கிடைக்கும். படத்தில் ஒரு ஸ்கேலோ ஒரு முழத் துண்டோ தெரியட்டும், அளவு புரிய.

படிக்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். தொல்லியல் துறை மாவட்ட வாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகள் போட்டிருக்கிறது, உங்கள் ஊர்க் கல் ஏற்கெனவே படித்து அச்சில் ஏறியிருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர் அரசு அருங்காட்சியகங்களிலும் காப்பாட்சியரிடம் படத்தைக் காட்டுங்கள். உள்ளூர் வரலாற்று ஆர்வலர் குழுக்களும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் மசிப்படி எடுக்க, அதாவது கல்லெழுத்தை மை ஒற்றிக் காகிதத்தில் பதித்தெடுக்க, வண்டி கட்டி வந்துவிடுவார்கள்.

எழுத்தில் சக ஆண்டு இருந்தால் 78 கூட்டுங்கள், நம் ஆண்டுக் கணக்கு வந்துவிடும். வெறும் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள், அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும்.

மலைப்பாறைகள் மேல் பலகைக்கல் வைத்து வீடு மாதிரி கட்டியிருக்கும் கற்திட்டைகள் இன்னும் பழையவை. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். மல்லச்சந்திரத்தில் பாறை முழுக்க இவை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஈமச் சின்னங்கள், செத்தவர்களுக்குக் கட்டியவை. உள்ளே புதையல் இருக்கிறது என்று ராத்திரி கடப்பாரையோடு வருகிற கூட்டம் இன்றும் உண்டு, ஆகவே நீங்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் லொக்கேஷனோடு வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். தாசில்தாருக்கும் அருங்காட்சியகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். மண்ணுக்குள்ளிருந்து பழங்காசு, பொன் மாதிரி எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், அது இன்னும் நடப்பில் இருக்கிறது.

கிழவிகளிடம் கேளுங்கள்

ஊர்ப் பெரியவர் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்து ரிக்கார்டரை நீட்டினால் அவர் மேடைப் பேச்சுதான் பேசுவார். வாக்கப்பட்டு வந்த பெண்கள்தான் சரியான ஆள். அவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள், வந்த அன்று ஊர் எப்படி இருந்தது என்பது கண்ணில் அப்படியே நிற்கும். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் ஆயாவிடம் நான் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: "ஆயா, நீங்க கட்டிக்கிட்டு வந்தப்ப தண்ணி எங்க சேந்துவீங்க?" அதற்கு அவர், "எங்க கண்ணு, அதோ புளியமரத்துக்கிட்ட பாழுங்கெணறு கெடக்குதே, அங்கதான். எங்க மாமியார் காலத்துல ஊரே அங்கதான இருந்துச்சாம். பிளேக் வந்து மூணு பொணம் விழுந்தப்புறம் கூரையப் பிரிச்சுக்கிட்டு இங்க வந்தாங்களாம்" என்றார். பழைய இடம், இடம் மாறிய காரணம், ஏறக்குறைய எந்தத் தலைமுறை என்பது வரைக்கும் வந்துவிட்டது. ஊர்க் கவுண்டர் இதைச் சொல்லவே இல்லை, அவர் ஊர் ஆதி முதல் இங்கேயே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வருடம் கேட்காதீர்கள், நிகழ்ச்சி கேளுங்கள். கரண்ட் வந்தது உனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலா பின்னாலா, பள்ளிக்கூடம் கட்டும்போது யார் மணியம், கிருஷ்ணகிரி டேம் கட்ட ஆள் போனார்களா. அந்த அணை 1950-களில் கட்டியது, ஆக ஒரு முளை அடித்தாயிற்று. பிளேக் என்றால் 1898-ல் பெங்களூரைத் தாக்கியதற்குப் பிந்திய வருடங்கள், நம் பக்கம் அதற்கப்புறம் அலை அலையாக வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876 முதல் 1878 வரை. ஆனால் 1936-ம் தாது வருடம்தான், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து முதல் முப்பது வருடம் என்று போட்டு எண்ணினால் பெரும்பாலும் சரியாக வரும்.

தாதுப் பஞ்சத்தை லேசாகக் கடந்து போகாதீர்கள், நம் ஊர்களின் கதையில் அதுதான் பெரிய உடைப்பு. 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்துக்கு மேல் ஆட்கள், 1881-ல் 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. பத்து வருடத்தில் பெருகியிருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்களும் பிழைக்கப் போனவர்களும் சேர்ந்து காலி செய்த ஊர்களில் அதற்கப்புறம் வந்து உட்கார்ந்தவர்கள் பலர். "நாங்க ஆறு தலைமுறையா இருக்கோம், அதுக்கு முன்னால தெரியாது" என்று பல வீட்டில் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், வந்த கதைகள். கன்னடமோ தெலுங்கோ வீட்டில் பேசுகிற பல சாதிகளிலும் ஒரே கதை திரும்பத் திரும்பக் கேட்கும்: துருக்க ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகக் கிளம்பினோம், ஆற்றில் வெள்ளம், சாமியை வேண்டினோம், ஆறு வழிவிட்டது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் மலையாளிப் பழங்குடியினரிடம் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறிய கதை இருக்கும். இந்தக் கதைகளைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், நடந்த சம்பவம் என்று எழுதவும் வேண்டாம். சொன்னவர் வாய்மொழியில் அப்படியே எழுதிவிட்டு, கதைக்குள் மாறாமல் வருகிற இடப் பெயர்களை மட்டும் தனியாகக் குறியுங்கள். எந்த ஊரில் தங்கினார்கள், குலதெய்வம் எங்கே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஒரு குடும்பம் அறுபது கிலோமீட்டர் போகிறது என்றால், அவர்கள் வந்த வழி அந்தப் பக்கம்தான் என்று துணிந்து சொல்லலாம். ராஜா கதையைவிடப் பொங்கல் பானை போகிற திசை நம்பகமானது.

காலனியை விட்டுவிட்டு ஊர் வரலாறு எழுதுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது அநியாயம் என்பது ஒரு பக்கம், முட்டாள்தனமும்கூட. எல்லைக்கல் எங்கே, பழைய பாதை எது, ஏரி மதகை யார் திறப்பார்கள், எந்தப் பாறைக்கு என்ன பெயர் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக தோட்டி வேலையும் நீர்க்கட்டி வேலையும் பார்த்த குடும்பங்களுக்குத் தெரிந்த அளவு ஊருக்குள் ஒருவருக்கும் தெரியாது. மேளக்காரர், வண்ணார் வீடுகளுக்கும் போங்கள், எந்த வகையறா எப்போது பிரிந்தது என்பது சடங்குக்குப் போனவர்களுக்கு மனப்பாடம்.

காகிதம்

கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேடு இருக்கிறது. புல எண், பழைய புல எண், நன்செயா புன்செயா, ஏரியா மேய்ச்சலா எல்லாம் அதில் வரும். இப்போது அதன் விவரம் அரசு இணையதளத்திலும் கிடைக்கிறது. பெயர் மாற்றங்களைவிட நிலத்தின் பெயரும் வகையும்தான் உங்களுக்கு முக்கியம்.

அதற்கு முந்தையது வேண்டும் என்றால் கர்ணம் வீட்டுக்குப் போங்கள். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபோது கணக்கையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தது போக மிச்சம் பல வீட்டுப் பரணில் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. கேட்கும்போது நிலத் தகராறுக்காக வந்திருக்கிறோம் என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிடக் கூடாது, வந்தால் பரண் திறக்காது. கூடவே ஊருக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரைக் கூட்டிப் போங்கள். ஓலைச்சுவடி இருந்தால் பிரிக்காமல் படமெடுங்கள், வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளும், 1858-க்குப் பிறகு மானிய நிலங்களை விசாரித்த இனாம் கமிஷன் எடுத்த பதிவேடுகளும் உண்டு. இனாம் பதிவேடு ஒரு தங்கச் சுரங்கம். கோயில் பூஜைக்கு விட்ட மானியம், கர்ணத்துக்கு விட்டது, ஏரி வெட்டியவருக்கோ பராமரிப்பவருக்கோ விட்ட தசபந்தம் என்று தனித்தனியாக இருக்கும், யார் கொடுத்தது, யார் காலத்தில் என்பதும் பல பதிவுகளில் வரும். தசபந்தம் என்று ஒரு வரி கிடைத்தால் ஏரி வெட்டிய கதை கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பே கடிதம் எழுதி, வட்டம், கிராமம் எல்லாம் குறிப்பிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். போகிற அன்றே கட்டு கைக்கு வரும் என்று எண்ணி ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்ப டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவையும் உண்டு. 1883-ல் வந்த சேலம் மாவட்டக் கையேடு, 1918-ல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியர் இரண்டும் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1792 முதல் 1799 வரை கும்பினி அதிகாரி கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர்களும் நம் மண்ணை ஊர் ஊராக அளந்து, ஆட்களைக் கேட்டு எழுதிய குறிப்புகளைச் சென்னை அரசு பாரமகால் ஆவணங்கள் என்று தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்குகிற ரயத்துவாரி முறை முளைவிட்டதே இங்கேதான், பிற்காலத்தில் சென்னை கவர்னராக வந்த தாமஸ் மன்றோ அப்போது தர்மபுரியில் இருந்த உதவியாளர். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை அவர்கள் எழுதிய எழுத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். நான்கைந்து விதமாக எழுதித் தேடுங்கள், அள்ளி என்று முடிவதை ஹள்ளி என்றும் பள்ளி என்றும் மாற்றிப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், அவர்கள் வரி வசூலிக்க எழுதினார்கள், சாதிகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவர்கள் கேட்ட இரண்டு மூன்று பேரின் வாய்வார்த்தை.

கோவிலூர், எலத்தகிரி மாதிரி கிறிஸ்தவ ஊர்களில் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மற்ற ஊர்களில் தொடக்கப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு அந்த வேலையைச் செய்யும், எந்தத் தெருவிலிருந்து முதல் பிள்ளை எந்த வருடம் வந்தது என்பது அதில் கிடக்கும். தலைமையாசிரியர் மனசு வைக்க வேண்டும்.

எழுதும்போது

மூன்று விதமான விஷயத்தைக் கலக்காமல் எழுதினால் போதும், நடை எப்படியிருந்தாலும் பரவாயில்லை. கண்ணால் பார்த்தது, காகிதத்தில் இருந்தது, ஆட்கள் சொன்னது. ஏரி மதகில் இப்படி எழுதியிருக்கிறது என்பது ஒன்று, இனாம் பதிவேட்டில் இப்படி இருக்கிறது என்பது ஒன்று, மேலத்தெருவில் இப்படிச் சொல்கிறார்கள், கீழத்தெருவில் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்பது ஒன்று. இரண்டு தெருவும் முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள், நடுவர் வேலை பார்க்காதீர்கள். எங்கேயும் ஆதாரம் போதவில்லை என்றால் அந்த இடத்தை அதியமானைக் கொண்டு அடைக்காதீர்கள், காலியாக விடுங்கள். சாதிப் பெருமைக்கு உங்கள் எழுத்தைக் கேட்டுப் பணம் தருகிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்துப் பொங்கல் வரைக்கும் காத்திருங்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஓசூர் சிப்காட்டுக்கும் போனவர்கள் எல்லாம் மாட்டுப் பொங்கலுக்கு ஊரில் இருப்பார்கள், எருது விடுகிற இடத்துக்கு அவர்களோடு கிழவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே சத்தம் அடங்கியதும் கோயில் திண்ணையில் வைத்து வாசித்துக் காட்டுங்கள், ஆட்சேபணை சொல்கிறவர் பெயரையும் சொன்னதையும் ஓரத்தில் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தியதில் ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று ஊர்ப்புற நூலகத்துக்கு, ஒன்று மாவட்ட அருங்காட்சியகத்துக்கு.